ஒன்பது போல்ட்

முதலில் சொன்னவள் விடுதிக்கார லமாரா:
"உன் ரொட்டியில் கருகல் வாடை.
அடுப்புக் கருகல் இல்லை, வேறென்னவோ."
சூடு ஆறாத அறுபது ஷோத்தியும்
போர்த்திய துணியோடு திரும்பி வந்தன.

ரியோனிப் பாலம் தாண்டி வண்டியை ஒதுக்கி
ஒன்றைப் பிய்த்து மென்றேன்.
அவள் பொய் சொல்லவில்லை.
மாவு, உப்பு,
அதற்கும் அடியில் என் ஓப்பல் அஸ்ட்ரா.

பானெட்டைத் தூக்கினால்
வால்வு மூடியின் ஓரமெல்லாம் கறுப்பு வேர்வை.
ஒரு சொட்டு இறங்கி
எக்ஸாஸ்ட் குழாயில் உட்கார்ந்து
புகையாகச் சுருண்டு
ஹீட்டர் வழியே உள்ளே போகிறது,
பின் இருக்கையில் படுத்திருக்கும் ரொட்டிகளிடம்.

கேஸ்கட் முப்பத்தைந்து லரி.
மாற்றித் தர ஜுமெர் கேட்டது நூற்றிருபது.
ரொட்டிக் கணக்கில் அது எத்தனை விடியல் என்று
விரல் விட்டுப் பார்த்தேன்.
பத்து எம்எம் சாக்கெட்டையும் டார்க் ரெஞ்சையும்
அவனிடமே இரவல் வாங்கினேன்.
சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஞாயிறு. இன்ஜின் குளிர்ந்திருந்தது.
பிளக் வயர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
என்று எழுதி டேப் ஒட்டினேன்.
கழற்றிய போல்ட்டெல்லாம் ரொட்டித் தட்டில்.
மூடி வர மறுத்தது.
ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு;
உச்சுக்கொட்டியபடி எழுந்தது.

உள்ளே,
தேன் பூசிக்கொண்டு படுத்திருந்த
இரண்டு கேம் தண்டுகள்.
இத்தனை சுத்தமான இடம்
என் வீட்டில்கூட இல்லை.
பழைய கேஸ்கட் ரப்பராகவே இல்லை;
தீய்ந்த ரொட்டி விளிம்பு போல
தொட்ட இடமெல்லாம் நொறுங்கியது.

அப்போதுதான் எண்ணினேன்.
துளை பத்து.
தட்டில் ஒன்பது.

மறுபடி எண்ணினேன். கணக்கு உதைத்தது.
வயிற்றில் புளி கரைத்தது.
உள்ளே விழுந்திருந்தால்
நாளை சாவி திருப்பும்போது
என் பிழைப்பு மொத்தமும் ஒரே சத்தத்தில் முடியும்.
குச்சியில் காந்தம் கட்டிச் செயின் குழிக்குள் விட்டேன்.
ஏப்ரன் பை, சட்டை மடிப்பு, காருக்கடியில்.
பக்கத்து வீட்டு பம்பூலாவின் வாயைத் திறந்துகூடப் பார்த்தேன்.
அந்த நாய் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து
டார்ச்சைத் துளைகள் மீது திருப்பினேன்.
பின்பக்க மூலையில், கை எட்டாத பத்தாவது:
உள்ளே கெட்டித்துப்போன அழுக்கு.
கொண்டை ஊசியால் குடைந்தேன்,
தார் தாராக வந்தது.
நான் தொலைக்கவில்லை.
அங்கே போல்ட்டே இருந்ததில்லை.

ருஸ்தாவிச் சந்தையில் இதை விற்ற மல்காஸ்
இன்ஜினைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான்.
"பெண்ணே, ஒரு சொட்டு கசியாது" என்றான்.
மூடியில் என் முகம் தெரிந்தது.
முகத்தைப் பார்த்து வாங்கினேன்.
ஒன்பதும் ஏன் அத்தனை முறுக்காக இருந்தன என்று
இப்போது புரிகிறது.

பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, துடைத்து,
நான்கு மூலைக்கும் பொட்டளவு சிலிக்கான் வைத்து,
புது கேஸ்கட்டைப் பள்ளத்தில் உட்கார வைத்தேன்.
சரி, பத்தாவதுக்கு எங்கே போக?
ஞாயிற்றுக்கிழமை கடை ஏது?

பேக்கரியில், மாவு பிசையும் மெஷினின் மூடியில்
அதே அளவில் நான்கு இருந்தன.
அதற்கு மூன்று போதும் என்று முடிவு செய்தேன்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் மறுக்குமாக,
எட்டு நியூட்டன் மீட்டர்.
ரெஞ்ச் 'டிக்' என்றதும் கையை எடுத்துவிட்டேன்,
இன்னும் கொஞ்சம் என்று கை கெஞ்சியும்.

திங்கள் விடியல். லமாரா
ஒரு ரொட்டியை முகத்தருகே கொண்டுபோய்
மூச்சை இழுத்தாள்.
ஒன்றும் சொல்லாமல் அறுபதையும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது
மெஷின் டக், டக், டக் என்றது.
மாவுக் கையோடு சித்சானா நிமிர்ந்தாள்:
"இது எப்போதிருந்து?"

"வாங்கும்போதே அப்படித்தான்" என்றேன்.