இருபது கஜ முள்

டுவைட் ஸ்ட்ராண்ட் அரிசோனாவுக்குக் குடிபோகும் அவசரத்தில்
தொண்ணூறு டாலருக்குத் தள்ளிவிட்டுப் போன காம்பவுண்ட் வில்.
மேலும் கீழும் கப்பி,
பார்வை வளையத்துக்குள் ஐந்து முள்.
ஐந்தும் அவன் கண்ணுக்கு வைத்தவை,
அவன் கை நீளத்துக்கு,
விடும் நொடியில் தோளைச் சுண்டுகிற அவன் கெட்ட பழக்கத்துக்கு.
யாருடைய மூக்குக்கண்ணாடியையோ மாட்டிக்கொண்டு
வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

செப்டம்பர் கடைசி.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்றில்
இப்போதே பனியின் இரும்பு வாசம்.
மர ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருக்கிறேன்,
காதுக்குள் ரம்பம் இன்னும் நிற்கவில்லை.
இருபது கஜத்துக்கு ஒரு பெயிண்ட் டப்பா,
முப்பதுக்குக் கால் உடைந்த நாற்காலி,
நாற்பதுக்கு எதுவும் அகப்படவில்லை, என் தொப்பி.

இழுத்தேன்.
பாதி வழியில் மலையாய்க் கனத்து
முழுக்க இழுத்ததும் சட்டென்று இளகிவிடுகிறது இந்த வில்,
சண்டைக்கு வந்தவன் கதவடியில் நின்று
காப்பி இருக்கிறதா என்று கேட்பதுபோல.
நாணில் கட்டிய சின்னத் துளைக்குள்
வளையம், வளையத்துக்குள் பச்சை முள்,
முள்ளின் நுனியில் கறுப்புப் பொட்டு.
விட்டேன்.
ஒரு சாண் இடது.

இடது போனால் வலதுக்குத் தள்ளு,
இதற்கென்ன படிப்பு வேண்டும்?
ஆலன் சாவியால் முள்ளை வலதுக்குத் தள்ளினேன்.
அடுத்த அம்பு இலக்கையே மதிக்காமல்
வேலி தாண்டி
வெர்னா கொஸ்கெலாவின் சவுனாக் கதவில் தைத்தது.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்,
தோளெல்லாம் ஆவி பறக்க.
"மார்லிஸ், என் கதவுக்குக் கொம்பு முளைத்ததா?"
எய்தவள் நான் இருக்க அம்பை நோக முடியாது.
பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
கதவுக்கு ஒரு பலகை என் கணக்கில்.

வில் பெட்டியின் அடியில், மெழுகுக் கட்டியோடு ஒட்டி,
டுவைட்டின் பென்சில் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு:
அம்பு போன பக்கமே முள்ளும் போகணும்.
பிழையைத் துரத்தச் சொல்கிறான்.
நம்பிக்கையில்லாமல்தான் இடதுக்குத் திருகினேன்,
ஒரு கோடு, இன்னொரு கோடு.
மேலே போனதா, மேலே.
பிழை போன இடத்துக்கே நானும் போய் நின்றேன்.
பதினோராவது அம்பு
பொட்டின் ஓரத்தைக் கிழித்தது.

அதற்குள் குமிழி வேறு.
வளையத்தின் அடியில் பச்சைத் தண்ணீரில் மிதக்கிற அது
நடுவில் நிற்க மறுத்தது.
என் கொல்லை சாய்ந்திருக்கிறதாம்.
பதினாறு வருஷம் புல் வெட்டுகிறேன்,
இன்றைக்குத்தான் தெரியும்.

முப்பதுக்கு மஞ்சள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று
மாலை வரைக்கும் அது ஒன்றுதான் வேலை.
நாற்பதில் சிவப்பு முள்
மானின் விலாவை முழுசாக மறைக்கிறது.
அம்பு போய்ச் சேருவதற்குள்
அது ஒரு அடி எடுத்து வைக்கும்.
நான் குறி வைத்த மான் அங்கே இருக்காது,
வேறொரு மான் வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடும்.
சிவப்பைக் கழற்றினேன்.
ஐம்பதை, அறுபதைக் கழற்றினேன்.
மூன்றையும் காப்பித் தகரத்தில் போட்டபோது
அரிசி விழுகிற அளவுக்குத்தான் சத்தம்.

தலை நிமிர்ந்தால்
வெர்னாவின் ஆப்பிள் மரத்தடியில் ஒரு பெண் மான்.
வேட்டை திறக்க இன்னும் மூன்று நாள்.
விழுந்த பழத்தைக் கடித்து,
காதை மட்டும் என் பக்கம் திருப்பி,
டப்பாவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றது.
பச்சைக்குக் கீழே, மஞ்சளுக்கு மேலே,
முள்ளே இல்லாத அந்த இடைவெளியில்.

என் கையில் ஆலன் சாவி மட்டும்.
மெதுவாக மென்றது.
நானும் அவசரப்படவில்லை.