அவ்வளவு

பன்னிரண்டு அணிகளில் ஆறாவது.
மேலே ஏற ஏழு புள்ளி வேண்டும்,
கீழே விழ ஐந்து போதும்.
மிச்சம் நான்கு ஆட்டம்.
இன்று மாலை ஐந்து மணியோடு
ஆள் வாங்க, ஆள் விற்கக் கதவு சாத்துகிறார்கள்.

வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
எதற்கும் பில் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் என்பதால்
கழகத்துக்குப் பொருளாளர்.
வங்கியில் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.
கோடு போடும் சுண்ணாம்பு கடன்.
கோல் கம்பத்தில் கட்டியிருப்பது
காசிமேட்டில் கிழித்துப் போட்ட மீன்வலை.

விற்கச் சொல்கிறார் தலைவர் கோதண்டபாணி,
பழைய இரும்பு வியாபாரம்.
"துரு ஏறுனா எடை கொறையாதும்மா,
வெலைதான் கொறையும்."

வாங்கச் சொல்கிறார் கோச் முனிரத்தினம்.
கொளத்தூரில் ஒரு ஸ்டாப்பர்
பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறானாம். நாற்பதாயிரம்.
"அவன மட்டும் குடு, மேல ஏத்திக் காட்டுறேன்."
மூன்று வருடமாக இதே வாக்கியம்,
ஸ்டாப்பர்தான் வேறு வேறு.
மிச்சம் இருபத்தெட்டாயிரத்து அறுநூற்று அறுபதை
யார் தருவது என்று சொல்லவில்லை.

எங்களிடம் விலைபோகக் கூடியவன் ஒருவன்.
மகிமைதாஸ். இடது கால்.
துறைமுகத்து அணி அறுபதாயிரம் தருகிறது.
இவனை விற்று அவனை வாங்கலாம்,
கையில் இருபது மிஞ்சும்,
கோல் போட ஆள் மிஞ்சாது.
காலையிலிருந்து கடைக் கால்குலேட்டரைத் தட்டுகிறேன்.
இடது காலுக்கு அதில் பொத்தான் இல்லை.

பையில் இரண்டு தாள்.
ஒன்றில் கையெழுத்திட்டால் போகிறான்,
மற்றதில் இட்டால் வருகிறான்.
இரண்டும் நான் டைப் அடித்தவை.
இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை.

ஜீவா சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்.
ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது.
மணி நாலேகால்.
அப்போதுதான் உறைத்தது,
அவனை யாரும் கேட்கவே இல்லை.

கூப்பிட்டேன்.
புரசைவாக்கத்தில் இருந்தான்,
யாருடைய பிரியாணியையோ முதுகில் சுமந்துகொண்டு.
விஷயத்தைச் சொன்னேன். விலையையும்.
"அக்கா... அவ்ளோ"
தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
அவ்ளோவா என்றானா,
அவ்ளோதானா என்றானா.
நடுவில் இருந்ததோ இல்லாததோ ஒரு 'தான்',
அது லாரிச் சக்கரத்தில் போய்விட்டது.
திரும்ப அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை.
பிரியாணி ஆறக் கூடாது.

பெரியமேடு. நாலு ஐம்பது.
கவுன்ட்டரில் எனக்கு முன்னால்
கடைசி இடத்து அணியின் செயலாளர் அருமைநாயகம்.
நாலு பேரை விற்றுவிட்டு ரசீதுக்கு நிற்கிறார்.
"நிம்மதிங்க" என்றார், கேட்காமலே.
ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் இறங்குவீர்கள் என்றேன்.
விரல் விட்டு எண்ணினார்.
எட்டில் நின்று,
ரசீதை வாங்கி மடித்துக்கொண்டார்.

"வாங்குறீங்களா, விக்கிறீங்களா?"
குமாஸ்தா ரப்பர் முத்திரையின் மேல் ஊதினார்.
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
அந்தச் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் ஃபாஸ்ட்,
அதுவும் தெரிந்துதான் நின்றேன்.
ஒன்றும் செய்யாததற்கு அங்கே படிவம் கிடையாது,
ரசீதும் தர மாட்டார்கள்.

தலைவர் இரண்டு நாள் பேசவில்லை.
கோச் இன்னும் பேசவில்லை.

ஞாயிறு, விசிலுக்கு ஏழு நிமிடம் முன்னால்
வந்தான் மகிமைதாஸ்.
டெலிவரிப் பைக்குள் பூட்ஸ்,
பூட்ஸில் பட்டை கிராம்பு வாசனை.
அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது,
பக்கத்தில் நின்ற பொடியன் முட்டியால் உள்ளே தள்ளினான்.
ஒன்றுக்கு ஒன்று.
இப்போதும் ஆறாவது.

வண்டியை எடுக்கும் முன் என் பக்கத்தில் நின்று
ஹெல்மெட் வாரை மாட்டினான்.
அன்றைக்கு என்னடா சொன்னாய் என்று கேட்க
வாயைத் திறந்தேன்.
அவன் போன் கத்தியது.
சூளை. பன்னிரண்டு நிமிடம்.