வாய்தா

"வாதி அழகுமலை... பிரதிவாதி சேவுகப்பெருமாள்..."
டவாலி மூன்று தரம் கூப்பிடுகிறார்.
முன்பு மேலூர்ச் சுவர்களில்
இந்த வரிசையில்தான் எங்களை எழுதுவார்கள்,
ஒரே சுண்ணாம்பின் மேல், ஒரே நீலத்தில்.
இப்போது இரண்டு பெயரும் ஒரு மூச்சில் வருவது
இந்த ஒரு வாயிலிருந்துதான்.

கட்சி உடைந்தபோது
நான் இந்தப் பக்கம் நின்றேன், அவன் அந்தப் பக்கம்.
அது பெரிசில்லை. உடைந்தால் யாராவது
அந்தப் பக்கம் நிற்கத்தானே வேண்டும்.

பெரிசு, பஸ் நிலையம் முன்னால் அவன் பேசியது.
இடைத்தேர்தலுக்கு ஆறு நாள்.
"பெத்த அப்பன் பெரியாஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கெடக்க,
சீட்டுக் கேட்டு மெட்ராஸ்ல நின்ன பய,
உங்களுக்கா கால்வாய்த் தண்ணி கொண்டாரப் போறான்?"
விசில் பறந்தது.
மூன்று தெரு தள்ளி
வேனில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.
காற்று அந்தப் பக்கமிருந்து.
கும்பிட்ட கை வெகுநேரம் இறங்கவில்லை.

தோற்றேன். இருநூற்றுப் பதினொரு ஓட்டு.
பத்து லட்சம் கேட்டு மானநஷ்ட வழக்கு.
"முழுப் பொய்னு எழுதிருவோம்" என்றார் வக்கீல்.
எழுதினார்.
ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அது பொய்யில்லை.

நேர்காணலுக்கு எனக்கு நாற்பத்தேழாவது டோக்கன்.
சீட்டும் கிடைக்கவில்லை.
அந்த மூன்று ராத்திரியும் அப்பாவின் கட்டிலருகே
உட்கார்ந்திருந்தவன் அவன்.
பார்வை போன பிறகு
"மலை வந்துட்டானா?" என்று அப்பா காற்றைத் துழாவியபோது
கையைக் கொடுத்து "வந்துட்டேம்ப்பா" என்றவன்.
பாலும் அவன்தான் ஊற்றினான்.
இதெல்லாம் அவன் சொல்லவில்லை.
அடுத்த கட்டிலில் கிடந்த ஒத்தக்கடைக்காரர்
கருமாதிக்கு வந்தபோது சொன்னார்.
அவனிடம் நான் கேட்டதில்லை.
கேட்டால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்பது வருஷம். நாலு நீதிபதி மாறிவிட்டார்கள்.
கல்யாண வீட்டு வாசலில் அவன் கார் நின்றால்
என் டிரைவர் வேகம் குறைப்பதில்லை.
ஒரு போட்டோவில் சேர்ந்து விழுந்துவிட்டால்
இரண்டு தலைமைக்கும் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.
கோர்ட்டில் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.
வழக்குதானே.
வராந்தா பெஞ்சில் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்காருவோம்.
ஒருநாள் அந்த இடத்தில் அவன் கண்ணாடிக் கூட்டை வைத்தான்.
அடுத்த மாதம் நான் என் மாத்திரை டப்பாவை.

போன செவ்வாய் கூண்டேறினான்.
"நீங்கள் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா?"
கேட்டது என் வக்கீல்.
இருந்தேன் என்று ஒரு வார்த்தை. என் வழக்கு அங்கேயே செத்திருக்கும்.
அவன் என்னைப் பார்க்கவில்லை, ஓடாத மின்விசிறியைப் பார்த்தான்.
"இல்லைங்க. யாரோ சொன்னாக. மேடையில பேசிட்டேன்."

அவன் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.
மூன்று ராத்திரி, ஒரு கை, ஒரு சங்குப் பால்,
எல்லாவற்றையும் தட்டச்சுக்காரப் பெண்
'இல்லை' என்று அடித்து முடித்தாள்.
பதிவின்படி
என் அப்பா அன்று யாருமில்லாமல் செத்தார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"சமாதானமாப் போறீங்களா?"
போகலாம்.
போய்விட்டால் அடுத்த மாதம் எந்தச் சாக்கில் வருவது?
"நீ இருந்தடா" என்று அவனிடம் சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லையே.
"வாய்தா வேணும்யா" என்றேன்.

ஆகஸ்டு பதினெட்டு.
வேம்படியில் அவன் ஆட்கள் ஒரு கும்பல்,
என் ஆட்கள் ஒரு கும்பல், முறைத்துக்கொண்டு.
டீக்கடைக்காரர் கேட்காமலே
சீனியில்லாமல் இரண்டு போட்டார்.
பெஞ்சில் குனிந்து, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின்
பின்பக்கத்திலோ தேதியைக் குறித்துக்கொண்டிருந்தான்.
பேனா எழுதவில்லை. உதறினான். மறுபடி உதறினான்.

என் பேனாவை மூடி கழற்றி
நடுவிலிருந்த இடத்தில் வைத்தேன்.