ஆற்றுவாய்க் கூட்டத்தின் குறிப்பேடு

சனிக்கிழமை வெளிவாரிப் பட்டப் பரீட்சை.
நாலாம் கேள்வி இந்த முறை தப்பாதாம்,
நௌசர் சத்தியம் பண்ணுகிறான்:
சர்வதேச உறவுகளின் பிரதான கோட்பாடுகளை
ஒப்பிட்டு ஆராய்க.

இன்றைக்கு வியாழன்.
களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தின் மேல்மாடி.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.

பதினொரு நாள் மழை.
வாவி வழிய வழியின்றி
கல்லாற்று மணல்திட்டில் நெற்றியை முட்டி நிற்கிறது.
திட்டுக்கு அந்தப் பக்கம் கடல்.
இந்தப் பக்கம்
படுவான்கரை முழுக்கக் குடலைப் பயிர், கழுத்தளவு தண்ணீரில்.

"நாளைக்கு வெட்டாட்டி
மறுகா வெட்டி என்ன பலன்?"
மண்டூர் அழகிப்போடி மேசையில் தட்டுகிறார்.

"இறால் இன்னும் விரல் மொத்தம் வரல்ல.
வாயைத் திறந்தா எங்கட ஆறுமாசச் சோறு கடலுக்குள்ள."
கோட்டைக்கல்லாறு மரியசீலன் எழும்பி நிற்கிறார்,
உட்காரச் சொல்லியும்.

யதார்த்தவாதம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
தலைக்கு மேலே அரசன் இல்லாத வெளி;
அவனவன் அச்சத்துக்கு அவனவனே காவல்.
அரசன் இல்லையென்றும் சொல்ல முடியாது.
தலைமைக் கதிரையிலிருந்து போனில் கேட்கிறார்:
"நாவிதன்வெளி வயல் அம்பாறைக்கல்லவா சேர், அதுக்கு நான் எப்படி...?"

அந்த நாவிதன்வெளியிலிருந்து
உதுமாலெவ்வை ஹாஜியார் வந்திருக்கிறார்.
அழகிப்போடியின் வாங்கில், அவர் பக்கத்திலேயே.
தொண்ணூறாம் ஆண்டை இருவரும் எடுக்கவில்லை.
இது கூட்டணியா, மறதியா,
இல்லை 'நாங்கள்' என்ற சொல்
தண்ணீர் ஏற ஏற
கொஞ்சம் அகலித்துக்கொண்டதா?
கட்டமைப்புவாதத்துக்குப் பத்துப் புள்ளி.
பென்சில் முனை உடைந்தது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் இளைஞர்.
ஒரு மட்டக்கோல் நடுவோம் என்றார்,
அதில் ஒரு சிவப்புக் கோடு,
இருதரப்பிலும் மும்மூன்று பேர் குழு,
கோட்டைத் தாண்டினால் வெட்டு, வலைக்கு நட்டஈடு.
தாராண்மைவாதம் எவ்வளவு அழகான சேட்டுப் போட்டிருந்தது!
"ராவையில கோலை வாசிக்கிறது ஆர்?"
என்று கேட்டார் மரியசீலன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அதையும் குறிப்பில் போட்டேன்.

கடைசி வாங்கில் பெக்கோக்காரர்.
வெட்டினாலும் அவர்தான், மூடினாலும் அவர்தான்,
மணிக்கணக்குக் கூலி.
நெல்லின் விலையை ஆலைக்காரனும்
இறாலின் விலையைக் கொழும்புக் குளிர் லொறியும்
எழுதிவைத்த பிறகுதான்
இந்த மேசையில் சண்டை தொடங்குகிறது என்பது
அவருக்குத் தெரியும் போல.
அவர் வாயே திறக்கவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த சிவகெங்கை
விடியப்புறம் துறைநீலாவணையில்
கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.
அவளைக் கூட்டத்துக்கு ஒருவரும் அழைக்கவில்லை.
கோப்பையை வைக்கையில் என் காதோடு:
"நெஞ்சுக்கு மேல வந்தா நான் இறங்கிறல்ல, புள்ள.
அதுதான் எனக்குக் கோல்."
எங்கள் பாடநூலில் அது கடைசி அத்தியாயம்.
பரீட்சைக்கு வராது என்று விரிவுரையாளர் விட்டுவிட்டார்.

தீர்மானம்: பிற்போடப்பட்டது.
சனி, காலை ஒன்பது மணி.

சனி காலை
பாண்டிருப்பிலிருந்து ஆறேகால் பஸ்.
கல்லாற்றுப் பாலத்தில் சாரதி வேகத்தைக் குறைத்தார்.
பஸ் முழுக்க கடல்பக்கம் சரிந்தது.
வாய் திறந்திருந்தது.
கலங்கல் நீர் நீலத்துக்குள்
நாக்கை நீட்டிக்கொண்டு போகிறது.

கடல்தான் உடைத்தது என்றார் ஒருவர்.
படுவான்கரையார் வெட்டினார்களாம், இரவு இரண்டு மணிக்கு.
இல்லை, இழுவைக்கு மீன் சேரட்டுமென்று
வலைக்காரரே வெட்டியது என்றார் நடத்துநர்
மிச்சக் காசைத் தராமலே.

கீழே, வாய் விளிம்பில், ஐம்பது அறுபது பேர்.
வலைகள் வீசி வீசி எழும்புகின்றன.
ஒருவன் மண்வெட்டியைத் தோளில் சாத்தியபடி
மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தான்.
மண்வெட்டியில் ஈரமண்ணா என்று பார்ப்பதற்குள்
பஸ் பாலத்தைக் கடந்துவிட்டது.

நாலாம் கேள்வி வந்திருந்தது.
நான் ஐந்தாவதை எழுதினேன்.