இணைந்துள்ளவை: ஏழு

நான்காம் நாள் வந்தான் டெல்லிபாபு,
ஒயரைத் தோளில் பூணூல்போலச் சுற்றிக்கொண்டு.
கூடத்தில் காலண்டர் ஆணி காலியாக இருந்தது.
பெட்டியை அதிலேயே மாட்டினான்.
"பச்சை எரிஞ்சா நெட்டு.
சிவப்பு எரிஞ்சா கம்பெனிக்கு போன் பண்ணுங்க,
எனக்கு வேணாம்க்கா."

பச்சை எரிந்தது.
கூடத்தில் நாலு கோடு,
அடுப்படியில் ஒன்று,
நான் ராத்திரி உட்கார்ந்து
யாரோ ஊர் ஆஸ்பத்திரி பில்களை அடிக்கும்
பீரோ மூலையில் ஒன்றுமில்லை.
சுவரா, சுவருக்குள் துருப்பிடித்த கம்பியா,
பீரோவின் இரும்பா?
ஹவுசிங் போர்டு கட்டியபோது
இதையெல்லாம் யார் நினைத்தார்கள்.

அணைத்து, முப்பது விநாடி கழித்துப் போடுங்கள்
என்றாள் கஸ்டமர் கேர் பெண்.
மறுநாளும் அதே பெண், அதே முப்பது.
தண்டையார்பேட்டையில்
முப்பது வரை என்னைப்போல் நிதானமாக எண்ண
இப்போது ஆள் கிடையாது.

கோடு இருக்கிறது, வேகம் இல்லை.
ஒரு பில் ஏறுவதற்குள் பால் பொங்கி அடங்கிவிடும்.
யார் யார் இருக்கிறார்கள் பார் என்று
மகள்தான் பெட்டியின் உள்ளே கூட்டிப்போனாள்.
இணைந்துள்ளவை: ஏழு.
எங்கள் வீட்டில் இருப்பது மூன்று.

பழைய பூட்டு
கம்பெனி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.
பிளாக் முழுக்கத் தெரிந்திருக்கிறது.
புதுசு போட உட்கார்ந்தேன்.
ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்றது,
ஒரு சின்ன எழுத்து, ஒரு எண், ஒரு குறி.
என் எழுத்தெல்லாம் ஒரே சாதி, ஒரே உயரம்,
அகரத்தை எப்படி அதட்டி எழுதுவது?
ஆய்தத்தைப் போட்டுப் பார்த்தேன்,
பேரிலேயே ஆயுதம் வைத்திருக்கிறதே என்று.
செல்லாது.
கடைசியில் என்ன போட்டேன் என்று
இங்கே எழுத மாட்டேன்.
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது.
கேஸ் புத்தகம் எங்கே என்றும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை
மாடிவீட்டில் சீரியல்காரி பாதி அழுகையில் நின்றாள்.
கீழ்வீட்டு முபீன்
தண்ணீர்க் குடத்தோடு வந்து
"அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்றான்,
எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே.
ஜெபராணி மட்டும் நேராகக் கேட்டாள்:
"மாத்திட்டியா?"
அன்றைக்கு எனக்கு மீன் கழுவித்தரவில்லை.

இணைந்துள்ளவை: மூன்று.
பில்கள் பறந்தன.
(ஒயரை இழுத்து, பீரோ மூலையைக் கைவிட்டு
அம்மிக்கல் பக்கம் குடியேறியிருந்தேன்.)

இரண்டு நாற்பதுக்கு ஒன்று கூடியது.
நான்கு.
பெயரைப் படித்தேன்:
அமுலு.
அது நான்.
நான் இங்கே இருக்கிறேன், லேப்டாப் சூடு தொடையில்,
பிறகு அங்கே யார்?

கண்ணாடி விரிந்த என் பழைய போன்.
இரண்டு வருஷம் முன்னால் இவரிடம் கொடுத்தது.
பெயரை மாற்றவேயில்லை போலிருக்கிறது.
கேஸ் புத்தகமும் தெரிந்திருக்கிறது.

ஜன்னலுக்குப் போனேன்.
காம்பவுண்டுச் சுவரை ஒட்டி டிரெய்லர்,
கன்டெய்னர் இறக்கிய வெறும் முதுகோடு.
கேபினில் ஒரு சின்ன நீலம்.
என்ன பார்க்கிறாரோ,
ஒரு தடவை சிரித்தார்.
வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகிறது.

மூன்று இருபதுக்கு அமுலு துண்டிக்கப்பட்டாள்.
படியில் செருப்பு.
"ஹார்பர் கேட்ல லைன் நகரவேயில்ல" என்றார்.
சோற்றில் ரசம் ஊற்றினேன்.

தினமும் அந்த நாற்பது நிமிஷம்.
இந்தக் கருவியை நீக்கவா என்று கேட்கிறது பெட்டி.
ஆம் என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒன்று.
இரண்டையும் தொடாமல் மூடிவைக்கிறேன்.

நேற்று டெல்லிபாபுவுக்கே போன் போட்டேன்.
பெட்டியை ஜன்னலோரம் மாற்ற
எவ்வளவு ஆகும்?
"அங்க மாட்டினா
பாதி சிக்னல் தெருவுக்குப் போயிடுமேக்கா."
தெரியும் என்றேன்.
இருநூறு என்றான்.