பதினான்கு மில்லிமீட்டர்

ஒரு லிட்டர் ஒரு கிலோ.
ஸ்டிஸ்லாவா அதைச் சுவரில் எழுதினாள்,
பென்சிலால், காரை உதிர்ந்த இடத்தில்.
தொட்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஆறு தொட்டி.
மணல், கல், கண்ணாடி தனி.
கூட்டினால்
எங்கள் பழைய ஸ்கோடாவின் எடை வந்தது.
"காரையா வீட்டுக்குள் நிறுத்தப் போகிறோம்?" என்றேன்.
"இரண்டு அடுக்காக" என்றாள்.

மரக்கடையில்
ஸ்ப்ரூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி
ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தாள்.
இருபதில் எட்டு தேறியது.
தேறாத பன்னிரண்டையும் திரும்ப அடுக்கிய பையன்
ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்கு ஒரே பிடிவாதம்.
பாரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும்,
திருகாணியில் தொங்கக் கூடாது.
குறுக்குச் சட்டம் காலின் தலையில் ஏறி அமரும்,
கால் தரையில் ஊன்றும்.
திருகாணிக்கு வேலை
இரண்டும் விலகாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவே.
நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
போன பனிக்காலத்தில் வக்கீலிடம் வரை போனோமே,
அதை இருவரும் எடுக்கவில்லை.
துளைக்கருவி ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் அது எழுந்து நின்றது.
மேலேறிக் குதித்தேன்.
முனகல்கூட இல்லை.
அவள் ரசமட்டத்தை வைத்தாள்.
குமிழி கதவுப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
திருப்பி வைத்தாள்.
மறுபடியும் கதவுப் பக்கம்.
ஆறு கால்களையும் அளந்தோம், ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகவில்லை.

"அப்படியானால் சாய்ந்திருப்பது
வீடு" என்றாள்.

கார்வினாவில் எங்கள் தெருவுக்கு அடியில்
நிலக்கரி எடுத்துவிட்டார்கள்.
எடுத்த இடம் மெல்ல மெல்ல உட்காருகிறது.
பக்கத்து வீட்டு ரோஸ்திஸ்லாவ்
சுரங்கத்தில் நிலம் அளந்தவர்.
வீட்டுச் செருப்போடு வந்து பார்த்து
"பதினான்கு மில்லிமீட்டர்தானா?
எங்கள் சமையலறையில் இருபத்திரண்டு" என்றார்,
பரிசு வாங்கியவர் போல.
போய், ஒரு கை நிறைய
ஓக் ஆப்புகளோடு திரும்பி வந்தார்.

ஜன்னல் பக்கத்துக் கால்களுக்கு அடியில்
ஒவ்வொன்றாக, சுத்தியலின் பின்புறத்தால், தட்டித் தட்டி.
குமிழி நகர்ந்தது.
தயங்கியது.
நடுக்கோட்டுக்குள் வந்து நின்றது.

மீன்களை உடனே விடவில்லை.
கொரிடோராஸ்கள் குளியலறை வாளிகளில் மீசை அசைத்துக் காத்திருந்தன.
மூன்று நாளாக இருவரும் குளிப்பது
ரோஸ்திஸ்லாவ் வீட்டில்தான்.
முதலில் வெறும் தண்ணீர்.
குழாய் வழியே இரவு ஒரு மணி வரை.

தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.
மேலே மூன்று, கீழே மூன்று நீர்க்கோடுகள்.
அறையில் வேறெதுவும் அவற்றோடு ஒத்துப்போகவில்லை.
ஜன்னல் சாய்ந்திருந்தது.
கதவு நிலை சாய்ந்திருந்தது.
பதினொரு வருடம் சுவரை நம்பி
நேராக மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தில்
நாங்கள் இருவரும் ஒரே பக்கமாக
இறங்கிக்கொண்டிருந்தோம்.

நிமிர்த்தி வைக்க எழுந்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றாள்.
"கீழ்த்தொட்டி மூலையைத் தொடு. ஈரமா?"

தொட்டேன்.
காய்ந்திருந்தது.