தொடர்ச்சிக் குறிப்பு

பணகுடிக்குத் தெற்கே, தண்ணீர் இல்லாத குளத்துக்குள்
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு நடந்துகொண்டிருந்தது.
அதில் ஓட்டை விழாமல் பார்ப்பது என் வேலை.
கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டில் வெளுத்த வளையம்,
புஜத்துத் தடுப்பூசித் தழும்பு,
உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிய போன் நம்பர்,
செருப்பு வார் பதிந்த பாதம்.
எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, செம்மண்.
அடிவானத்தில் சுற்றும் காற்றாடிகளுக்கு
மண் பூச முடியாது.
கம்ப்யூட்டரில் பிடுங்க ஒன்றுக்கு இவ்வளவு என்று
சென்னையில் ஒருவன் விலை சொல்லியிருந்தான்.
நாற்பத்தொன்று எண்ணிக் கொடுத்தேன்.

பஞ்சத்துக்கு ஆள் பிடித்தவர் சொரிமுத்து.
காவல்கிணறு பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள்,
செங்கல் சூளைக்காரர்கள்.
விலா தெரிந்தால் ஐந்நூறு,
தெரியாவிட்டால் முந்நூற்றைம்பது, பின்வரிசை.

கதாசிரியரின் கோப்பில் ஒரு துரை எழுதிய அறிக்கை,
நகலின் நகல்.
கஞ்சித்தொட்டி முன்னால் வரிசை இரண்டு என்று அதில் இருந்தது.
எதில் யார் என்றும் இருந்தது.
ஒன்று போதும், ஃப்ரேமில் அடங்காது என்றது சேனல்.
அடங்காதுதான்.

என் பட்டியலில் அவள் 'பெண் 4'.
பெயர் உச்சிமாகாளி.
தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்கு.
கழற்றுங்கக்கா என்றேன்.
"ஏன் தாயி, அந்தக் காலத்துல முள்ளு குத்தாதாக்கும்?"
குத்தும், ஆனால் ஊக்கு கிடையாது.
"அப்ப எதை வச்சு எடுத்தாளாம்?"
கோப்பு முழுக்கப் புரட்டியவள் நான்.
மாண்டவர் தொகை தாலுகாவாரியாக இருந்தது,
கேழ்வரகு விலை இருந்தது,
முள் இல்லை.
ஊக்கை முந்தானைக்குள் தள்ளிவிட்டு நகர்ந்தேன்.

மைதாவும் சுண்ணாம்பும் கரைத்த கஞ்சி.
குடிச்சிராதீங்க, வாய்கிட்ட கொண்டு போனா போதும்.
ஏழாவது டேக்கில் மகேந்திரகிரி உறுமியது.
மலையடியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்களாம்.
ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.
சென்னையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்தோம்.
பஞ்சத்தில் இருந்தவர்கள் திரும்பவே இல்லை,
பழகின சத்தம்.

வள்ளியூரிலிருந்து வர வேண்டிய சாப்பாட்டு வேன்
வழியில் பஞ்சர். மணி மூன்றரை.
ஒன்பதாவது டேக்கில் டைரக்டர் கைதட்டினார்,
"இப்பத்தான்யா கண்ணுல வந்திருக்கு!"
நான் குறித்துக்கொண்டேன்:
காட்சி 62, டேக் 9, பசி சரி.

வேன் வந்தது. தக்காளி சாதம், அவித்த முட்டை.
யாரும் சொல்லவில்லை.
ஒரு வரிசை இரண்டாயிற்று,
வேம்பின் நிழலில் ஒன்று,
ஜெனரேட்டர் ஓரம் வெயிலில் ஒன்று.
இந்த வாளி அங்கே போகாமல்
அந்த வாளி இங்கே வராமல்
நடுவில் நின்று பார்த்துக்கொண்டார் சொரிமுத்து.
கேமராவுக்கு உறை போட்டிருந்தது.
என் நோட்டில் இதற்கென்று கட்டம் கிடையாது.

ஆடியில் ஒளிபரப்பு.
கஞ்சித்தொட்டி நாலு வினாடி, மேலே ஒரு வயலின்,
உடனே சத்துமாவு விளம்பரம்.
காற்றாடி ஒன்றுகூட இல்லை,
அவை நின்ற இடத்தில் மட்டும்
வானம் கொஞ்சம் கூடுதலாகச் சுத்தம்.
மூன்றாவது வினாடியில் உச்சிமாகாளி குனிகிறாள்,
முந்தானை விலகுகிறது,
மின்னுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார்.
தாது வருஷத்தில் ஊக்கு ஏது,
இதைக்கூடவா பார்க்க மாட்டீர்கள்?
பதில் போடச் சொல்லி என்னிடம் தள்ளினார்கள்.
தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன்.
கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.
உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், ஐயா,
அப்ப எதை வச்சு எடுத்தாளாம்?